யூரியா மூடையை அவிழ்க்க முன் வேரைக் கிண்டிப் பாருங்கள்

வன்னியின் விவசாயப் போதனாசிரியர்களுக்கும், கமநல சேவை நிலையங்களில் பணியாற்றுவோருக்கும், கமக்காரர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலபோகம் தொடங்க முன் நடக்கும் கூட்டங்களில் நெல்லுக்கான பசளை எப்போது வரும், ஏக்கருக்கு எத்தனை மூடை என்ற பேச்சிலேயே பொழுது போய்விடும். மேட்டுக்காணியில் விதைக்கப்போகிற உளுந்துக்கும் பயறுக்கும் கௌபிக்கும் கச்சானுக்கும் என்ன போடுவது என்ற கேள்வி கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வரும். வந்தாலும், "நெல்லுக்குப் போட்டு மிஞ்சிறதைப் போட்டால் காணும்" என்று யாராவது சொல்ல, கதை முடிந்துவிடும். இந்த மடல் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

சொல்ல வருவது சுருக்கமானது. அவரையினப் பயிர் தனக்கு வேண்டிய நைதரசனில் பெரும்பங்கைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் அளவு தெரியாமல் கொட்டும் நைதரசன் அந்த வேலையைக் கெடுக்கும். அது யூரியா மூடையில் வந்தாலென்ன, கோழிப்பண்ணையிலிருந்து லொறியில் வந்தாலென்ன, வேருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே இந்தப் பயிர்களுக்கு எவ்வளவு போடலாம் என்பதைக் காணியில் முன்பு என்ன செய்யப்பட்டது என்று கேட்டும், செடியின் வேரைப் பார்த்தும் தீர்மானிக்கிற வழக்கம் வரவேண்டும். அதைக் கொண்டுவரக் கூடியவர்கள் நீங்கள்.

முதலில் ஒரு கணக்கு. பயற்றில் ஏறக்குறைய 24 வீதம் புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைதரசன். ஒரு ஏக்கரில் 400 கிலோ பயறு எடுத்தால், அந்த மூடைகளுக்குள் 15 கிலோ நைதரசன் வீட்டுக்கு வருகிறது. கொடியிலும் இலையிலும் வேரிலும் நிற்பதைச் சேர்த்தால் 23 முதல் 25 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. மண்ணில் போடும் யூரியாவில் பாதியளவு காற்றோடும் மழையோடும் போவதையும் கணக்கில் எடுத்தால், இந்தப் பயிரை யூரியாவை மட்டும் நம்பி வளர்க்க ஏக்கருக்கு இரண்டு மூடை தேவைப்படும். மண் தன் பங்குக்குக் கொஞ்சம் தரும். மீதியைத் தருவது வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிளகளவு உருண்டைகள். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, கியூவில் நிற்கவும் தேவையில்லை.

அந்த உருண்டைகளை வேர்ச்சிறுகணுக்கள் என்போம். ஊரில் "வேர்முடிச்சு" என்றும் சொல்வதுண்டு. ஆனால் தக்காளியிலும் கத்தரியிலும் வட்டப்புழு உண்டாக்கும் வீக்கத்துக்கும் அதே பெயர்தான். ஒன்று நண்பன், மற்றது எதிரி. பெயரில் குழப்பம் வேண்டாம் என்பதால் இந்த மடலில் சிறுகணு என்றே எழுதுகிறோம்.

மண்ணில் வாழும் றைசோபியம் வகைப் பற்றீரியாக்கள் இளம் வேரின் மயிர்களுக்குள் நுழைந்து இவற்றை உண்டாக்குகின்றன. கச்சானில் மட்டும் வழி வேறு: பக்கவேர் வெடித்து வெளிவரும் இடுக்கால் புகும். முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, நான்காவது கிழமையில் உழைக்கத் தொடங்கும். பூக்கும் காலத்தில் உச்சத்துக்குப் போய், காய் நிரம்பும்போது ஓயும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல, 1886இலேயே ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவிய விடயம். ஆனாலும் நம் வயல்களில் இதைக் கணக்கில் எடுத்துப் பசளை போடுகிறவர்கள் இன்றைக்கும் குறைவு.

பற்றீரியா சும்மா உழைப்பதில்லை. செடி இலையில் ஆக்கும் சீனியைக் கூலியாகக் கொடுக்கிறது. மண்ணிலேயே நைத்திரேற்று, அதாவது வேர் உறிஞ்சக்கூடிய நைதரசன், தாராளமாகக் கிடைத்தால் அதை உறிஞ்சுவது செடிக்குச் செலவு குறைவு. ஆகவே கூலியாட்களை நிறுத்திவிடும். யூரியா ஈரமண்ணில் விழுந்து சில நாட்களில் அமோனியமாகும். பிறகு ஓரிரு கிழமைக்குள் பெரும்பாலும் நைத்திரேற்றாகும். அந்த நைத்திரேற்று மூன்று இடத்தில் தடுக்கும். பற்றீரியாவுக்கு வழிவிட வேர்மயிர் சுருளாது, அதனால் புதிய சிறுகணு குறையும். உண்டானவை கடுகளவிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவையும் வேலையைக் குறைக்கும். ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு சட்டிகளில் வளர்த்த சோதனைகளில், நைத்திரேற்று போட்ட பக்கத்து வேரிலேயே சிறுகணு கூடுதலாகக் குறைந்தது. பசளையை விசிறி எறிவதற்கும் வரிசையின் ஒரு பக்கமாகச் சாலில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கிடக்கிறது.

இனி, வன்னியில் கூடுதலாக நடக்கிற பிழைக்கு வருவோம். விதைக்குள் இருக்கும் சேமிப்பு இரண்டு, மூன்று கிழமைக்குப் போதும். சிறுகணுக்கள் அதற்குப் பிறகுதான் உழைக்கத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, பதினைந்தாம் நாளுக்கும் இருபத்திரண்டாம் நாளுக்கும் இடையில், செடி கொஞ்சம் வெளிறி நிற்கும். அது இயல்பு. ஆனால் பக்கத்து வயலில் யூரியா எறிந்த நெல் கரும்பச்சையாக நிற்கும்போது, வெளிறிய உளுந்தைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்க எந்தக் கமக்காரருக்கும் மனம் வராது. அரை மூடையை அள்ளி எறிவார். ஐந்து நாளில் செடி பச்சைப் பசேல் என்று எழும்பும். "பார்த்தியா, கேட்டுது" என்பார். கேட்டது உண்மைதான். ஆனால் வேலையைத் தொடங்கவிருந்த சிறுகணுக்கள் அடுத்த ஒன்றிரண்டு கிழமைக்கு முடங்கிப்போகும். அறுபத்தைந்து நாள் பயற்றில் இரண்டு கிழமை சிறிய இழப்பா?

அதற்குப் பிறகு நடப்பதும் தெரிந்ததே. கொடி ஓடும், இலை அகலும், வரிசைகள் முட்டிக்கொள்ளும், பூ தள்ளிப்போகும். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் ஈரம் நிற்க, இலைப்புள்ளியும் அழுகலும் வரும். மென்மையான தளிருக்கு அழுக்கணவனும் வெண்ஈயும் வரும். வெண்ஈயோடு மஞ்சள் சித்திரவடிவ வைரசும் வரும். காய் ஒரே நேரத்தில் முற்றாது. கீழே காய்ந்தது வெடிக்கும், மேலே இன்னும் பூ நிற்கும். ஐப்பசியில் விதைத்த உளுந்தைத் தை மாதத்தில் ஒரே பிடுங்கலாகப் பிடுங்க வேண்டிய இடத்தில், பிந்தி முற்றுகிற செடி பின்மழைக்குள் அகப்பட்டுக் காயோடு முளைக்கும். செடியைப் பார்த்தவர்கள் வாட்டசாட்டம் என்று புகழ்ந்த வயலில் சூடடித்த பிறகு மூடை குறைவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: இருபத்தைந்தாம் நாளில் வேரைக் கிண்டிப் பார்க்காமல் எந்த அவரையினப் பயிருக்கும் மேற்கட்டு யூரியா (பயிர் வளர்ந்த பிறகு போடுவது) சொல்லாதீர்கள்.

கிண்டுவதற்கும் முறை உண்டு. செடியைக் கையால் பிடுங்கினால் சிறுகணுக்கள் மண்ணிலேயே கழன்றுவிடும். பிறகு வெறும் வேரைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று தவறாக முடிவெடுப்போம். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். வாளித் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்து, ஆட்டாமல் மண்ணைக் கரையவிடுங்கள். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை நடந்து பத்துச் செடி எடுத்தால் போதும். வரம்போரச் செடியைத் தவிருங்கள். ஆணிவேரின் மேற்பகுதியைச் சுற்றி மிளகளவில் பத்துக்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் எண்ணிக்கையோடு நிற்க வேண்டாம். நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இரத்தம் கலந்த மாதிரிச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் உழைக்கிறது. நம் இரத்தத்தில் ஒட்சிசனைத் தாங்கும் பொருளுக்கு நெருங்கிய ஒன்று அங்கேயும் உண்டு, நிறம் அதனால்தான். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு அல்லது பயனற்ற இனம். பச்சையோ சாம்பலோ என்றால் ஓய்ந்துவிட்டது. வட்டப்புழு வீக்கமா சிறுகணுவா என்ற சந்தேகம் வந்தால் விரலால் உருட்டிப் பாருங்கள். சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கழன்று வரும். வட்டப்புழு வீக்கம் வேரே தடித்தது, கழலாது.

வேர் நன்றாக இருந்தும் இலை மஞ்சளானால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. இதில் போதனாசிரியர்களின் கண் மிகவும் தேவை, ஏனென்றால் நான்கு விதமான மஞ்சளுக்கும் நம்மூரில் ஒரே மருந்து யூரியா என்றாகிவிட்டது.

கார்த்திகை மார்கழி மழையில் தண்ணீர் தேங்கிய வயலில் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். சிறுகணுவுக்குள் இருப்பவற்றுக்கும் மூச்சு வேண்டும். வேரைச் சுற்றி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் அவை ஓய்ந்துவிடும். முருங்கன் பக்கத்துக் கருங்களியில் இது அடிக்கடி நடக்கும். செங்கபில மண்ணிலும் பள்ளமான துண்டுகளில் நடக்கும். அங்கே யூரியா எறிவது தண்ணீருக்குள் காசை எறிவதுதான். ஈரம் மிஞ்சிய மண்ணில் நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடும். செய்ய வேண்டியது வடிகால். பத்து அடிக்கு ஒரு வாய்க்காலாவது வெட்டித் தண்ணீரை இறக்குங்கள். வேர் மீளும்வரை தாங்க, ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பத்துக் கிராம் யூரியா கரைத்து மாலையில் ஒருமுறை இலையில் தெளிக்கலாம். 16 லீற்றர் தெளிகருவிக்கு 160 கிராம். அதைவிட அதிகம் கூட்டினால் இலை கருகலாம்.

கொழுந்திலைகளில் பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து வந்தால் அது வைரசு. யூரியா அதற்கு உணவு, மருந்து அல்ல. ஆரம்பத்தில் இரண்டொரு செடியில் கண்டால் பிடுங்கிப் புதையுங்கள். கொழுந்திலையின் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. சுண்ணாம்பு கூடிய நிலத்தில் காணலாம். அடியிலையிலிருந்து மேல்நோக்கி, முழு இலையும் ஒரே சீராக வெளிறி, தண்ணீரும் தேங்காமல், வேரைக் கிண்டினால் சிறுகணுவும் இல்லை அல்லது வெள்ளையாக இருக்கிறது என்றால் மட்டுமே அது உண்மையான நைதரசன் பசி. அப்போது யூரியா போடத்தான் வேண்டும். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ, வரிசையிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சால் கீறி, ஈரமண்ணில் வைத்து மூடி விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால் ஒரு பகுதி அமோனியாவாக எழும்பிப் போய்விடும்.

அடிக்கட்டு யூரியாவே (விதைப்போடு போடுவது) வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் மூன்று கிழமையைக் கடக்கச் சிறிய கைத்தாங்கல் பல காணிகளில் உதவும். ஏக்கருக்கு 12 முதல் 14 கிலோ யூரியா, அதாவது ஏறக்குறைய ஆறு கிலோ நைதரசன். எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்லும் பழக்கம் பிழையாகிறது. முல்லைத்தீவுக் கரையோர மணற்காணிக்கு இந்த அளவு தேவை. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழே நெல் வெட்டி, வைக்கோலை உழுது புரட்டி, பின்னால் பயறு விதைக்கிற வயலுக்கும் தேவை. வைக்கோலை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். மாறாக, போன போகத்தில் மிளகாயோ வெங்காயமோ செய்து பசளையும் எருவும் கொட்டிய காணிக்கு ஒரு கிலோவும் வேண்டாம். மாட்டுப்பட்டி நின்ற துண்டும் அப்படியே. பட்டி நிலத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய இடங்கள் நைத்திரேற்றுக் கிடங்கு. அங்கே முதல் போகம் சோளனோ கத்தரியோ போட்டுவிட்டு அடுத்த முறை உளுந்துக்குப் போவது புத்தி.

பயிற்றங்காயை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை காய் ஆய்ந்து சந்தைக்கு அனுப்புகிற கொடிக்கு, ஒரே தடவையில் பிடுங்குகிற உளுந்தின் அளவு போதாது.

இப்போது எருவுக்கு வருவோம். இதில்தான் கூடுதல் மயக்கம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. அந்த ஒரு ஆண்டு நமக்கு இரண்டு பழக்கங்களை விட்டுப்போனது. ஒன்று, சேதனம் என்று பெயர் வைத்தால் எதையும் எவ்வளவும் போடலாம் என்ற நம்பிக்கை. மற்றது, யூரியா கிடைக்கும்போதே அள்ளிப் போட்டுவிட வேண்டும் என்ற பதற்றம். அவரையினப் பயிருக்கு இரண்டுமே கேடு.

எருவில் எருவுக்கு வித்தியாசம் உண்டு. ஒரு தொன் உலர்ந்த, மண் கலவாத மாட்டெருவில் ஏறக்குறைய 10 கிலோ நைதரசன் இருக்கும். முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் கால்வாசிதான், அதாவது 5 அல்லது 6 கிலோ யூரியாவுக்குச் சமன். மெதுவாக இறங்குவதால் சிறுகணுவுக்குத் தொந்தரவு குறைவு. கூடவே பொசுபரசும் கல்சியமும் நுண்மூலகங்களும் வரும். மண் ஈரம் பிடிக்கும். ஏக்கருக்கு இரண்டு தொன் உக்கிய மாட்டெரு போட்ட காணிக்கு அடிக்கட்டு யூரியாவை அப்படியே விட்டுவிடலாம். ஆட்டுப்புழுக்கை மாட்டெருவைவிடச் சத்தானது. ஆனால் உருண்டை காய்ந்து இறுகினால் மண்ணுக்குள் கிடந்து ஒரு போகம் முழுக்க அப்படியே இருக்கும். கொட்டிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தடியால் அடித்து உடைத்துப் போடவேண்டும்.

கோழியெரு வேறு சாதி. ஒரு தொன்னில் 25 கிலோ நைதரசன் இருக்கலாம். அதில் பாதி, முதல் சில கிழமைகளிலேயே இறங்கிவிடும். கோழியின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் யூரியாவாகி, அமோனியாவாகி, நைத்திரேற்றாகும். கணக்குப் பாருங்கள்: பன்னிரண்டரைக் கிலோ நைதரசன் என்றால் 27 கிலோ யூரியா. "நான் யூரியாவே தொடுவதில்லை, இரண்டு தொன் கோழியெருதான்" என்கிற கமக்காரர், தெரியாமலே ஒரு மூடைக்கு மேல் யூரியா எறிந்திருக்கிறார். கச்சான் ஆளுயரக் கொடியாக ஓடி, மண்ணுக்குள் பத்துக் காயோடு நிற்பதைப் பார்த்து விதையைத் திட்டுவதில் பயனில்லை. பயறு, உளுந்துக்குக் கோழியெரு போட்டேயாக வேண்டுமென்றால் ஏக்கருக்கு அரைத் தொன்னுக்கு மேல் வேண்டாம். அதுவும் விதைப்புக்கு மூன்று கிழமை முன், மண்ணோடு புரட்டி. பச்சைக் கோழியெருவும் விதையும் ஒரே சாலில் விழுந்தால் அமோனியா முளையைச் சுட்டுவிடும்.

கோழிகளுக்குக் கீழே உமி அல்லது மரத்தூள் விரித்த ஆழ்கூள எருவில் பிரச்சினை தலைகீழாகவும் வரும். காபன் மிஞ்சிய அந்தத் தூள் உக்கும்வரை மண்ணின் நைதரசனைப் பிடித்துவைத்திருக்கும், செடி வெளிறும், வெளிறிய செடிக்கு யூரியா எறிவார்கள். பிறகு தூள் உக்கியதும் இரண்டும் சேர்ந்து இறங்கும், அதுவும் பூக்கும் நேரத்தில். ஒரே பெயரில் விற்கும் இரண்டு லோட் கோழியெரு இரண்டு எதிர்த்திசையில் வேலை செய்யலாம் என்பதை வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

கிளிசீரியாத் தழையையும் இதே தராசில் வையுங்கள். வேலியில் வெட்டிய இளந்தழை நைதரசன் நிறைந்தது; ஈரமண்ணில் இரண்டு மூன்று கிழமையில் உக்கி இறங்கும். நெல்லுக்கும் மிளகாய்க்கும் அருமையான பசளை. உளுந்துக்கு அதை அள்ளிப் புதைப்பது, தண்ணீர் ஊறும் கிணற்றுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

எரு உக்கியதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது, மூக்கை உறுத்தும் அமோனியா மணம் வரக்கூடாது. இன்னும் சந்தேகமா? சிரட்டைகளில் எருவும் மண்ணும் சம அளவில் கலந்து நிரப்பி, எல்லாவற்றிலுமாக இருபது பயறு ஊன்றுங்கள். ஐந்து நாளில் பதினாறுக்குக் குறைவாக முளைத்தால், வெறும் மண்ணில் ஊன்றிய இருபதும் நன்றாக முளைத்திருந்தால், எரு இன்னும் பழுக்கவில்லை. குவியலை இடுப்புயரத்தில் கட்டி, பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியும் அளவுக்கு நனைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டி, கிடுகால் மூடி வைத்தால் இரண்டு மாதத்தில் தயாராகும். சூடு ஏறாத குவியலில் கோரைக் கிழங்கும் நெற்சப்பிக் களையின் விதையும் உயிரோடு கிடந்து வயலுக்குப் போகும். அடுப்புச் சாம்பலை எருவோடு குவித்து வைக்கிற வழக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். சாம்பலின் காரம் அமோனியாவைக் கிளப்பி, இருக்கிற நைதரசனையும் போக்கிவிடும். சாம்பலைத் தனியாக வைத்து, தனியாகப் போடலாம்.

கச்சானுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. அரைகுறையாக உக்கிய எரு கறையானுக்கும் வெண்புழுவுக்கும் அழைப்பு. அவை எருவோடு நிற்காமல் கோதையும் துளைக்கும். அடுத்தது, மாட்டெருவிலும் சாம்பலிலும் பொற்றாசியம் மிகுதி. காய் பிடிக்கும் மேல்மண்ணில் பொற்றாசியம் மிஞ்சினால் இளங்காய் கல்சியம் எடுப்பது தடைப்பட்டு, உள்ளே பருப்பில்லாத வெறுங்கோது கூடும். கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அல்ல, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுக்கிறது. ஆகையால் எரு உழவோடு ஆழமாகப் போகட்டும். பூக்கும்போது ஏக்கருக்கு 100 கிலோ ஜிப்சம் செடியடியில் தூவி மண் அணையுங்கள்.

சிறுகணு உழைக்க நைதரசனைவிடப் பொசுபரசுதான் தேவை. காற்றிலிருந்து நைதரசனைப் பிரிக்கும் வேலைக்குச் சக்தி நிறைய வேண்டும், அந்தச் சக்திப் பரிமாற்றத்தில் பொசுபரசு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பசளைக்கு ஒதுக்கிய காசு குறைவென்றால் யூரியாவைக் குறைத்து ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையை வாங்கச் சொல்லுங்கள். ஏக்கருக்கு 40 கிலோ, விதைப்புக்கு முன் மண்ணோடு கலந்து. மண்பரிசோதனையில் பொசுபரசு கூடுதலாகக் காட்டினால், பழைய மிளகாய்க் காணிகளில் அது நடக்கும், அதையும் குறைக்கலாம்.

சோயாவைப் பற்றிச் சுருக்கமாக. பயறு, உளுந்து, கௌபி, கச்சானுக்கு ஏற்ற பற்றீரியாக்கள் நம் மண்ணிலேயே உண்டு. சோயாவுக்குரியவை பெரும்பாலும் இல்லை. ஆகவே முதல் தடவை சோயா விதைக்கிற காணிக்குப் பற்றீரியா ஊட்டிய விதை கட்டாயம். பற்றீரியாத் தூள் வரும் பைக்கற்றுக்குள் இருப்பவை உயிர்கள். கிளிநொச்சி வெயிலில் கடையின் தகரக் கூரையடியில் ஒரு கிழமை கிடந்தால் செத்துவிடும். ஆறிய கஞ்சியிலோ சீனிக் கரைசலிலோ விதையை லேசாக நனைத்து, தூளைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். பூஞ்சண மருந்து பூசிய விதையோடு சேர்க்கக்கூடாது, ரி.எஸ்.பி.யோடு ஒரே வாளியில் கலக்கவும் கூடாது.

"பயறு போட்டால் மண் வளமாகும்" என்று நீங்கள் கூட்டங்களில் சொல்வதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உளுந்தை வேரோடு பிடுங்கி, வீட்டு முற்றத்தில் சூடடித்து, கொடியைக் குவித்து எரித்தால் மண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. காற்றிலிருந்து பிடித்த நைதரசனில் பெரும்பங்கு பருப்போடு போகிறது, மீதி கொடியோடு போகிறது. கத்தியால் அடியில் வெட்டி வேரை நிலத்தில் விடுங்கள். சூடடித்த கொடியையும் கோதையும் திருப்பி வயலில் பரப்புங்கள். மாட்டுக்குப் போட்டால் அந்த எரு அதே காணிக்கு வரட்டும். யூரியா மிஞ்சி வளர்ந்த பயிரில் இந்த லாபமும் இல்லை. அது மண்ணிலிருந்து எடுத்ததைத்தான் கொண்டுபோகிறது.

இவற்றையெல்லாம் எங்கள் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் ஒரு கமக்காரரின் காணியில் ஐந்து துண்டு போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளம். இடையில் ஒரு மீற்றர் இடைவெளி, மழைத்தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயாமல் சிறு வரம்பு. ஐந்துக்கும் ஒரே விதை, எம்.ஐ. 6 பயறு என்றால் எல்லாம் எம்.ஐ. 6. ஐந்துக்கும் ஒரே அளவு ரி.எஸ்.பி., துண்டுக்கு 500 கிராம். முதல் துண்டுக்கு நைதரசன் எதுவும் இல்லை. இரண்டாவதுக்கு அடிக்கட்டாக 175 கிராம் யூரியா. ஏக்கருக்கு 14 கிலோ என்ற கணக்கு. மூன்றாவதுக்கு அதே அடிக்கட்டோடு இருபதாம் நாளில் இன்னும் 320 கிராம், அதாவது ஊரில் எறிகிற அளவு. நான்காவதுக்கு 25 கிலோ உக்கிய மாட்டெரு. ஐந்தாவதுக்கு 12 கிலோ கோழியெரு, ஏக்கருக்கு ஒரு தொன் வீதம், மேலே சொன்ன எல்லைக்கு இரு மடங்கு. இருபத்தைந்தாம் நாளில் கமக்காரரைக் கூட்டி, அவர்கள் கையாலேயே வேரைக் கிண்டிக் கழுவிக் கிள்ளிப் பார்க்க விடுங்கள். அறுவடையன்று ஐந்தையும் தனித்தனியாக நிறுங்கள். முடிவு எங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தாலும் அதையே அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. மாணவர்கள் அளந்து தர ஆயத்தமாக இருப்பார்கள், கேட்டால்.

இன்னும் மூன்று விடயம் கேட்கிறோம். எருவை லோட் கணக்கில் விலை பேசுவதை மாற்றி, ஈரமும் மணலும் எவ்வளவு என்று பார்த்து, நிறையில் விற்க ஒரு ஒழுங்கு. பட்டியில் வழித்த எருவில் பாதி மண்ணாக இருக்கும்போது மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. கோழியெரு விற்பவர் அது கூட்டுக்கோழியின் எருவா, உமியில் கிடந்ததா, மரத்தூளில் கிடந்ததா என்று எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனை. பசளைச் சிபாரிசுத் துண்டில், பயிரின் பெயருக்குப் பக்கத்தில், "இந்தக் காணியில் போன போகம் என்ன பயிர், எருவா பசளையா, எவ்வளவு" என்று நிரப்ப ஒரே ஒரு கோடு.

விதைப்பு ஐப்பசி நடுப்பகுதியில் தொடங்கும். கோழியெரு போடுகிறவர் மூன்று கிழமை முன்பே புரட்ட வேண்டும், எருக்குவியல் கட்டுகிறவருக்கு இரண்டு மாதம் வேண்டும். ஆகவே இந்த ஐந்து துண்டுக்கான காணியை ஆவணியிலேயே தெரிவுசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் உளுந்தும் பயறும் கச்சானும் செய்வோர் சிலர்